ஒரே கழிமுகத்தின் இரு கரைகளில் இருவேறு திராட்சை: போர்தோவில் மண்ணின் பங்கு எவ்வளவு, வானிலையின் பங்கு எவ்வளவு?

புவியியல் ஆசிரியர் (வினா):

வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன். பயிருக்கும் இயற்கைச் சூழலுக்கும் உள்ள உறவை விளக்க நெல்லும் தேயிலையும் போதும் என்றாலும், நிலத்தின் மிகச் சிறிய வேறுபாடுகூட விளைபொருளின் தன்மையையும் விலையையும் மாற்றிவிடும் என்பதற்கு ஒயின் திராட்சையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே தென்மேற்கு பிரான்ஸின் போர்தோ வட்டாரத்தைப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டேன். ஓரிடத்தில் விளக்கம் நின்றுவிட்டது.

கரோன், தோர்தோன் என்னும் இரண்டு ஆறுகள் கூடி, ஜிரோந்து என்னும் அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக்கில் சேர்கின்றன. இடக்கரையான மெதோக்கில் கபர்னே சொவிஞோன் என்னும் வகைக்கே முதலிடம். வலக்கரைப் பக்கத்தில், சாந்தெமிலியோன், பொமரோல் ஆகிய ஊர்களில் மெர்லோவுக்கு முதலிடம். மெதோக்கின் போயாக்கிலிருந்து பொமரோலுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். இரண்டும் 45 பாகை வட அட்சக்கோட்டை ஒட்டியவை. கடலும் மேற்குக் காற்றும் இரண்டுக்கும் பொது. மழையிலும் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் இந்த வேறுபாடு முழுவதும் மண்ணால் வந்தது என்று மாணவர்களிடம் சொல்லலாமா? சொன்னால், திராட்சைக்கு வானிலையே முதன்மை என்று நான் படித்த நூல்கள் எல்லாம் சொல்வதை என்ன செய்வது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். சரளை நிலத்தில் விளைந்த ஒயினில் கல்லின் சுவை இருப்பதாக விற்பனைக் குறிப்புகள் சொல்கின்றன. நான் மது அருந்துவதில்லை. எனவே நாவால் சோதித்துப் பார்க்கும் வழியும் எனக்கில்லை. காரண காரியத்தோடு விளக்கக்கூடியவர்கள் உதவ வேண்டும்.

வேர்மண்:

மண்ணுக்கு இவ்வளவு, வானிலைக்கு இவ்வளவு என்று இரண்டு தனிக் கணக்குகள் எழுதினால் போர்தோ விளங்காது. அங்கே வானிலையில் இருக்கும் குறையை மண் ஈடுசெய்கிறது. ஆகவே வானிலையின் குறை என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

திராட்சைக் கொடி ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் இருந்தால்தான் வளரும். அதற்கு மேற்பட்ட வெப்பத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வந்தால், ஒரு வட்டாரத்தில் எந்த வகை பழுக்கும், எது பழுக்காது என்று பெருமளவு சொல்லிவிடலாம். கலிஃபோர்னியாவில் அமரின், விங்க்ளர் என்னும் திராட்சை ஆய்வாளர்கள் 1944-இல் வட்டாரங்களை வகைப்படுத்தியதும் இந்தக் கூட்டலை வைத்துத்தான். கபர்னே சொவிஞோன் பிந்தித் துளிர்த்துப் பிந்திப் பழுக்கும் வகை. மெர்லோ முந்தித் துளிர்த்து, ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாகவே பழுத்துவிடும். போர்தோவின் கோடை கபர்னேக்கு மட்டுமட்டாகத்தான் போதும். சற்றுக் குறைந்தாலும் பழத்தில் பைரசின் என்னும் சேர்மங்கள் மிகுந்து நின்று, ஒயினில் பச்சைக் குடைமிளகாயின் வாடை அடிக்கும். தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பும் கடுமையாக இருக்கும்.

மழை அடுத்த சிக்கல். அட்லாண்டிக்கின் ஈரக்காற்றால் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது; நம் ஊர்ப் பருவமழையைப் போல ஒரு காலத்தில் கொட்டித் தீர்ப்பதில்லை, எல்லா மாதங்களிலும் பரவி விழுகிறது. கோடையில் வேருக்கு நீர் தாராளமாகக் கிடைத்தால் கொடி தளிரையும் இலையையும் வளர்த்துக்கொண்டே போகும், கனிகள் நீர் கோத்துப் பருக்கும், பழுப்பது தள்ளிப்போகும். அதற்குள் இலையுதிர்கால மழை வந்து குலை அழுகத் தொடங்கிவிடும். ஆகவே அந்த வட்டாரத்தில் கபர்னேயை முழுமையாகப் பழுக்க வைக்க விரும்புகிறவருக்கு நீரைக் குறைத்து வெப்பத்தைச் சற்றுக் கூட்டித் தரும் நிலம் வேண்டும். மெதோக்கின் சரளை மேடுகள் இரண்டையும் ஒருசேரச் செய்கின்றன.

இந்தச் சரளை, பனியூழிக் காலங்களில் கரோன் ஆறு பிரனே மலைகளிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து குவித்தது. மேடுகள் உயரத்தில் அற்பமானவை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மேடு என்றே தோன்றாது. ஆனால் கூழாங்கல்லும் மணலும் சில மீட்டர் ஆழத்துக்குக் கலந்து கிடப்பதால் மழைநீர் தங்காமல் இறங்கி, பக்கத்துச் சிற்றோடைகளில் வடிந்துவிடுகிறது. நீர் தங்காத மண் விரைவில் சூடேறும், ஏனென்றால் ஈர மண்ணைச் சூடாக்க அதிக வெப்பம் செலவாகும். இதனால் கொடியின் பருவம் முன்னதாகவே தொடங்கி, கபர்னேக்குத் தேவையான கூடுதல் நாட்கள் கிடைக்கின்றன. காய்கள் நிறம் மாறும் காலத்தை ஒட்டி வேருக்கு நீர்த்தட்டுப்பாடு மெதுவாகத் தொடங்கும். தளிர் வளர்ச்சி நின்று சர்க்கரை பழத்துக்குச் செல்லும். கனி சிறுத்திருப்பதால் சாற்றைவிடத் தோலின் விகிதம் கூடி நிறமும் துவர்ப்பும் செறியும்.

வலக்கரையில் பொமரோலின் சிறந்த தோட்டங்கள் களிமண்ணில் இருக்கின்றன. சாந்தெமிலியோனின் மேட்டுநிலம் சுண்ணாம்புப் பாறையின்மேல் படிந்த மெல்லிய மண். களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வசந்தத்தில் நெடுநாள் குளிர்ந்தே இருக்கும். பிந்திப் பழுக்கும் கபர்னே சொவிஞோனை அங்கே நட்டால் பல ஆண்டுகளில் பச்சை வாடைதான் மிஞ்சும். முந்திப் பழுக்கும் மெர்லோ அந்தத் தாமதத்தைத் தாங்கிக்கொள்கிறது. சுண்ணாம்புப் பாறை தன் நுண்துளைகளில் நீரைச் சேர்த்து வைத்து, மேல்மண் காயக் காயக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விடுகிறது.

வேறுபாடு கரையால் வருவதன்று, மண்ணால் வருவது என்பதற்கு அந்த வட்டாரத்திலேயே சான்று உண்டு. சாந்தெமிலியோனில் பொமரோல் எல்லையை ஒட்டிய ஃபிழாக் தோட்டம் வலக்கரையில் இருந்தும் சரளை மேடுகளின்மேல் அமைந்திருப்பதால், அங்கே மூன்றில் ஒரு பங்குக்குக் கபர்னே சொவிஞோனை நட்டிருக்கிறார்கள். எதிர்ப்புறம், மெதோக்கின் புகழ்பெற்ற ஊர்களில் வடக்கே கடைசியாக அமைந்த, களிமண் கூடுதலாக உள்ள சாந்தெஸ்தெஃப்பில், தெற்கே உள்ள அண்டை ஊர்களைவிட மெர்லோவுக்குக் கூடுதல் இடம் கிடைத்திருக்கிறது. என் கருத்தில் உங்கள் வகுப்புக்கு இந்த இரண்டு ஊர்களே போதும்.

ஆய்வுகளும் இதையே காட்டின. போர்தோவின் மண்ணியல் ஆய்வாளர் ஜெரார் செகன் பல ஆண்டுகள் ஆராய்ந்தும், மண்ணில் உள்ள ஊட்டச்சத்துகளின் அளவுக்கும் ஒயினின் தரத்துக்கும் நிலையான தொடர்பு எதையும் காணவில்லை; நீரை மண் எப்படி வழங்குகிறது என்பதில்தான் தொடர்பு தெரிந்தது. அவருக்குப் பின் கோர்னெலிஸ் வான் லீவன் குழுவினர் 1996 முதல் 2000 வரை சரளை, அடிமண் களி, நிலத்தடி நீர் எட்டும் மணல் ஆகிய மூவகை நிலங்களில் மூன்று திராட்சை வகைகளை ஒப்பிட்டார்கள். வானிலையும் மண்ணும் ஏற்படுத்திய மாற்றம் திராட்சை வகை ஏற்படுத்தியதைவிடப் பெரியதாக இருந்தது. அந்த இரண்டின் தாக்கமும் பெரும்பாலும் கொடிக்குக் கிடைத்த நீரின் அளவு வழியாகவே பழத்தை எட்டியது.

புவியியல் ஆசிரியர்:

மிக்க நன்றி. சாந்தெஸ்தெஃப், ஃபிழாக் ஒப்பீடு வரைபடத்தில் காட்ட மிகவும் பொருத்தமானது. ஒரு துணைக் கேள்வி: வளமான வண்டல் நிலம் ஆற்றோரம் எங்கும் இருக்கும்போது, ஏழை மண்ணே சிறந்தது என்று ஒரு பொதுவிதியாகச் சொல்லலாமா? கல்லின் சுவை பற்றியும் யாராவது எழுதினால் நல்லது.

துறைமுகத்தான்:

பொதுவிதியாகச் சொல்ல வேண்டாம். ஆற்றோர வண்டலில் தரமான ஒயின் கிடைக்காததற்குக் காரணம் நீரும் தழைச்சத்தும் அங்கே மிகுந்திருப்பதுதான். கொடி தழைத்துக் குலைகளை நிழலில் மூடிவிடும். மழை குறைந்து வெயில் மிகுந்த நாட்டில், நீரைத் தாங்கும் ஆற்றல் இல்லாத ஏழை மண்ணில் நட்ட கொடி இலை கருகிப் பழுப்பதையே நிறுத்திவிடும். வேர்மண் அவர்கள் சொன்ன சரளையின் சிறப்பு, மழை மிகுந்த குளிர்நாட்டில் மட்டும் சிறப்பு.

கல்லின் சுவையைப் பொறுத்தவரை, எனக்கு அதில் சிறிதும் நம்பிக்கை இல்லை. பாறைக்கு நாவில் உணரக்கூடிய சுவை கிடையாது. கொடி பாறையை உண்பதும் இல்லை. வேர் எடுத்துக்கொள்வது நீரில் கரைந்த அயனிகளை. அவற்றில் ஒயின்வரை வந்து சேர்வது மிகச் சிறிய அளவு. வேல்ஸில் பணியாற்றிய நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்னும் திராட்சை வகையின் ஒயினைக் குடித்துவிட்டுப் பலகைக்கல்லின் சுவை என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கல் உண்மையில் செய்வது வேறு: 50 பாகை வட அட்சத்தில், செங்குத்தான தென்சரிவில், கருநிறப் பலகைக்கற்கள் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் விடுகின்றன; நீரைச் சரிவில் வடித்துவிடுகின்றன. அந்தக் குளிரில் ரீஸ்லிங் பழுப்பதற்கு அந்த வெப்பம் உதவுகிறது. குளிர்ந்த இரவுகளால் பழத்தில் புளிப்பு குறையாமல் நிற்கிறது. அந்தப் புளிப்பைத்தான் பலர் கல் என்று சொல்கிறார்கள் என்பது என் கணிப்பு.

வேர்மண் அவர்களின் விளக்கத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது: அதில் மனிதர்களே இல்லை. மெதோக்கின் சரளை பனியூழியிலிருந்தே அங்கே கிடந்தது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் சதுப்பு நிலங்களை வடிகாலிட்டுத் திருத்திய பிறகுதான் அங்கே பெருந்தோட்டங்கள் பெருகின. 12-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1453 வரை போர்தோ இங்கிலாந்து மன்னர்களின் ஆட்சியில் இருந்ததும், நகரத்தின் துறைமுகமும் இல்லாமல் போயிருந்தால் அந்தச் சரளையைப் பற்றி நாம் இங்கே பேசிக்கொண்டிருக்க மாட்டோம். போர்தோ ஒயின்களின் புகழ்பெற்ற 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையில் வலக்கரையிலிருந்து ஒரு தோட்டம்கூட இல்லை. போர்தோ நகரத் தரகர்கள் தங்கள் கையில் புழங்கிய ஒயின்களின் விலையை வைத்துத் தயாரித்த பட்டியல் அது. லிபோர்ன் நகர வணிகர்களின் கையில் இருந்த வலக்கரை அதில் வரவில்லை. போர்தோவில் கரோன் ஆற்றின் குறுக்கே முதல் பாலமே 1822-இல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பாக இராது. தரவரிசையை மண்ணின் தீர்ப்பாக மாணவர்களுக்குக் காட்டிவிடாதீர்கள்.

மண்ணைத் தொடுகிற வேரும்கூட ஐரோப்பியக் கொடியின் வேர் அன்று. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்ஸின் தோட்டங்களை அழித்தபின், பூச்சியைத் தாங்கும் அமெரிக்க இனங்களின் வேர்த்தண்டில் ஐரோப்பிய வகைகளை ஒட்டுக்கட்டி நடும் வழக்கம் வந்தது. முதலில் கொண்டுவந்த வேர்த்தண்டுகள் பல, சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளித்து நலிந்தன. அதற்குத் தீர்வு தேடிப் பியர் வியாலா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1887-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். டெக்சாஸின் சுண்ணாம்பு மேடுகளில் இயல்பாக வளரும் பெர்லாண்டியேரி என்னும் காட்டுத் திராட்சை அவருக்கு அங்கே காட்டப்பட்டது. இன்று சுண்ணாம்பு நிலங்களில் பயன்படும் வேர்த்தண்டுகள் பலவற்றில் அதன் மரபு கலந்திருக்கிறது. மண்ணுக்கும் கொடிக்கும் இடையே தொன்றுதொட்ட உறவு என்று பேசுகிறவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு:

போர்தோவைப் பற்றி நூலறிவு மட்டுமே உள்ளவன் நான். ஆனால் தேனி மாவட்டத்தில் பந்தல் திராட்சை நடுவில் வளர்ந்தவன். மேலே உள்ளவர்கள் இயல்பாக எடுத்துக்கொண்ட ஒன்றை எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. அது குளிர்காலம்.

போர்தோவில் இலை உதிர்ந்து கொடி உறங்குவதால் ஆண்டுக்கு ஒரே ஒரு காய்ப்பு. எப்போது துளிர்ப்பது, எப்போது பழுப்பது என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. கம்பம் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. கொடி உறங்கும் அளவுக்கு இங்கே குளிர் வருவதே இல்லை. ஆகவே நாட்காட்டியை எழுதுவது கவாத்துக் கத்திரி. கவாத்துச் செய்ததிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் வெட்டலாம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் வேறுபடுவதால் ஆண்டு முழுவதும் பள்ளத்தாக்கில் எங்காவது பழம் இருந்துகொண்டே இருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அது உண்பதற்கு நல்ல பழம். ஆனால் இரவிலும் வெப்பம் குறையாத நாட்களில், பழத்தில் உள்ள மாலிக் அமிலத்தைக் கொடியே சுவாசத்தில் செலவழித்துவிடுவதால் புளிப்பு விரைவில் இறங்கிவிடும். நல்ல ஒயினுக்குப் புளிப்பு வேண்டும்.

நாசிக்கில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 20 பாகை அட்சமும் 600 மீட்டரை ஒட்டிய உயரமும் இருப்பதால் அங்கே டிசம்பர், ஜனவரி இரவுகள் நன்றாகக் குளிரும். ஏப்ரலை ஒட்டிக் கிளைகளை உருவாக்க ஒரு கவாத்து, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபர் வாக்கில் காய்ப்புக்காக இன்னொரு கவாத்து. பழம் குளிர்காலத்தில் பழுத்து ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடையாகிறது. ஐரோப்பா கோடையில் பழுக்க வைப்பதை இங்கே குளிர்காலத்தில் பழுக்க வைக்கிறார்கள். மண் அங்கே தக்காணத்து எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. ஆனால் நாசிக் ஒயின் வட்டாரமானதற்கு அந்த இரவுகளே முதற்காரணம் என்பேன். மண்ணின் நுட்பமெல்லாம், வானிலை இடம் கொடுத்த பிறகு வருவது.

வேர்மண்:

துறைமுகத்தான் அவர்கள் தரவரிசை பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வேர்த்தண்டு பற்றியும் அப்படியே; ஆனால் எந்த மண்ணுக்கு எந்த வேர்த்தண்டு என்று தேட வேண்டி வந்ததே மண்ணின் வலிமைக்குச் சான்று அல்லவா? கம்பத்து நண்பரின் கடைசி வரி, நான் முதலில் நீட்டி எழுதியதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் இருக்கிறது.

அதையே இப்போதைய போர்தோவில் வைத்துப் பார்க்கலாம். சரளையின் சிறப்பு குளிர்ந்த, மழை மிகுந்த ஆண்டுகளைச் சார்ந்தது என்றால், வானிலை மாறும்போது நிலங்களின் வரிசையும் மாற வேண்டும். 2003-ஆம் ஆண்டின் கடும் வெப்பத்தில் அது கண்கூடாகத் தெரிந்தது: நன்கு வடியும் சரளை நிலங்களில் கொடிகள் தாகத்தில் வாட, களிமண் மிகுந்த சாந்தெஸ்தெஃப் மெதோக்கிலேயே மிகச் சிறந்த ஒயின்கள் சிலவற்றைத் தந்தது. பிரெஞ்சு விதிகள் இத்தகைய தோட்டங்களில் நீர் பாய்ச்சுவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதால், மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரம்தான் கொடிக்குத் துணை. உறைபனி இன்னொரு பக்கம். குளிர்காலம் இளகியதால் கொடிகள் முன்னதாகத் துளிர்க்கின்றன; 2017 ஏப்ரல் இறுதியில் அடித்த உறைபனியில் தளிர்கள் பெருமளவு கருகின. கழிமுகத்தின் நீர்ப்பரப்பு காற்றின் குளிரை மட்டுப்படுத்தியதால், அதை ஒட்டிய மெதோக் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. முந்தித் துளிர்க்கும் மெர்லோவுக்குத்தான் இதில் இடர் அதிகம். போர்தோவின் சிவப்பு வகைகளில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு மெர்லோ என்பதால் இது சிறிய சிக்கல் அன்று. கோடை வெப்பம் கூடியதால் மெர்லோ ஒயின்களில் சர்க்கரையும், அதன் வழியே ஆல்கஹாலும் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் 12 அல்லது 12.5 விழுக்காடாக இருந்தவை இப்போது 14-ஐத் தொடுகின்றன.

ஆகவே வகுப்பில் ஒரு கேள்வியோடு முடிக்கலாம்: இந்த வெப்பத்தில் மெர்லோவின் இடத்தில் எதை நடுவது? அந்தக் கேள்விக்குப் போர்தோ விடை தேடத் தொடங்கிவிட்டது. 2021-இல் ஆறு புதிய வகைகளுக்கு அனுமதி கிடைத்தது. சிவப்பில் அரினார்னோவா, கஸ்தே, மர்செலான், போர்ச்சுக்கலின் தூரிகா நசியோனால். வெள்ளையில் அல்வாரிஞோவும் லிலியோரிலாவும். சிவப்பு வகைகளைத் தேர்ந்ததில் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்குவது, பிந்திப் பழுப்பது, நோய்க்கு எளிதில் ஆட்படாதது ஆகியவையே அளவுகோல்கள். இவற்றை ஒரு தோட்டத்தின் பரப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் நடக் கூடாது, கலவையில் 10 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது, வகையின் பெயரைப் புட்டியின் சீட்டில் அச்சிடவும் கூடாது.